தேயிலையைக் குறிக்கும் சீன எழுத்து 'சா': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்சா எனும் ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூள் டப்பா, சிங்கப்பூர்க் காப்பிக்கடைப் பலகை, ஹாங்காங் உணவகத்தின் விலைப்பட்டியல் என்று எங்கே பார்த்தாலும் ஒரே சீன எழுத்து கண்ணில் படும். அதன் ஒலி 'சா'. பொருள் தேயிலை, தேநீர். சீனம் கற்கத் தொடங்கியவர்கள், சொல்வேர் தேடுபவர்கள், கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர்கள் எல்லாரும் இந்த எழுத்தைப் பற்றிச் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

படிக்கும் முன் ஒன்று. இந்தப் பக்கத்தில் 'சா' என்று வரும் இடத்திலெல்லாம் 'பச்சை', 'அச்சம்' ஆகிய சொற்களில் வரும் அழுத்தமான ஒலியைக் கொள்ளுங்கள். 'சாப்பாடு' என்பதில் பலர் சொல்லும் மெல்லிய ஒலி வேண்டாம். இந்த எழுத்துக்கு மூத்த எழுத்து ஒன்று உண்டு. அதை 'தூ' என்று குறிப்பிடுகிறோம்.

இந்த எழுத்து பார்க்க எப்படி இருக்கும்? எப்படி அடையாளம் காண்பது?

மூன்று அடுக்காகப் பாருங்கள். தலையில் ஒரு கிடைக்கோடு, அதை வெட்டும் இரண்டு குட்டைக் கோடுகள். செடி கொடிகளைக் குறிக்கும் எழுத்துகளில் வரும் 'புல் தலை' அது. நடுவில் இரண்டு பக்கமும் சரியும் ஓட்டுக் கூரை. அடியில் ஒரு சிலுவை, அதன் இரு பக்கமும் சின்னக் கீற்று ஒவ்வொன்று.

யூனிகோடில் இதன் பதின்ம எண் 33590. மூத்த எழுத்தான தூவின் எண் 33660. கைப்பேசியில் சீன 'பின்யின்' விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு சி, ஹெச், ஏ என்ற மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டினால், மேலே வரும் பட்டியலின் தொடக்கத்திலேயே சா நிற்கும்.

எத்தனை கோடு? ஒரு ஆப் 9 என்கிறது, ஒரு அகராதி 10 என்கிறது.

இரண்டும் சரி. சீனப் பெருநிலத்திலும் ஜப்பானிலும் புல் தலையை 3 கோடாக எழுதுவதால் மொத்தம் 9. தைவானின் மரபு வடிவில் அந்தக் கிடைக்கோடு நடுவில் உடைந்து இரண்டு சின்னச் சிலுவைகளாகிவிடும், அப்போது 10. பழைய முறை அகராதிகளில் 214 தலைப்பு உறுப்புகளில் 140ஆவதான புல் உறுப்பின் கீழ், 'மீதி 6 கோடு' என்ற பிரிவில் தேடவேண்டும். 1950களில் பெருநிலத்தில் எழுத்துகளை எளிமையாக்கியபோது இதில் கை வைக்கவில்லை. அதனால் புது வடிவம், பழைய வடிவம் என்று இரண்டைப் படிக்கும் தொல்லை இல்லை.

எழுதும் வரிசை என்ன? நான் எழுதினால் மூன்று துண்டு அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறது.

மேல் கிடைக்கோடு, இடது குட்டைக்கோடு, வலது குட்டைக்கோடு. பிறகு நடுவிலிருந்து இடப்பக்கம் சரியும் கோடு, வலப்பக்கம் சரியும் கோடு. அதன்பின் கீழ்க் கிடைக்கோடு, செங்குத்து, இடது கீற்று, வலது புள்ளி. ஆக ஒன்பது.

துண்டு துண்டாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் கூரை ஒடுங்கிப் போவதுதான். நான்காம், ஐந்தாம் கோடுகளே எழுத்தின் மிக அகலமான பகுதி. கீழே உள்ள சிலுவை முழுதும் அந்தக் கூரைக்குள் ஒதுங்கவேண்டும். செங்குத்துக் கோடு கூரையின் உச்சியைத் துளைத்து மேலே போகக்கூடாது. கடைசி இரண்டு கீற்றுகளை 'மரம்' எழுத்தில் போல நீட்டி விரித்தால் கூரையோடு மோதும், ஆகவே குட்டையாக நிறுத்துங்கள். கை வேகத்தில் கூரைக்கும் சிலுவைக்கும் நடுவே இன்னொரு கிடைக்கோடு விழுந்துவிட்டால் அது சா இல்லை, தூ. பொருளே மாறிவிடும்.

சரியாகத்தான் 'சா' என்கிறேன், சீனர்களுக்குப் புரியவில்லையே?

சுரம் விட்டுப்போயிருக்கும். சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் தேநீர்ச் சொல் இரண்டாம் சுரம், அதாவது கீழிருந்து மேலே ஏறும். தமிழில் நம்பாமல் 'அப்படியா?' என்று கேட்கும்போது கடைசி 'யா' ஏறுமே, அந்த ஏற்றம். சமமாக இழுத்தால் 'முள்கரண்டி' என்று கேட்கும். மேலிருந்து வெடுக்கென்று இறக்கினால் 'மட்டம், போதாது' என்ற சொல் ஆகிவிடும். ஏறும் சுரத்திலேயே 'பரிசோதி' என்று பொருள்படும் வேறொரு எழுத்தும் உண்டு, ஆனால் உணவகத்தில் அதோடு யாரும் குழப்பிக்கொள்ளமாட்டார்கள்.

ஹாங்காங் பக்கம் பேசும் காண்டனீஸில் நேர்மாறு. அங்கே இந்தச் சொல் தாழ்ந்த குரலில் இறங்கும்.

மேலே புல், கீழே மரம், நடுவில் மனிதன். 'இயற்கையின் மடியில் மனிதன்' என்பதுதானே இதன் பொருள்?

அழகான விளக்கம். தேயிலை விளம்பரங்களில் சீனர்களே இதைத்தான் போடுகிறார்கள். நடுக்கூரை பார்வைக்கு 'மனிதன்' எழுத்தாகவும் அடிப்பகுதி 'மரம்' எழுத்தாகவும் தெரிவது உண்மைதான். நினைவில் வைக்கும் உத்தியாக இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பிறப்பு வரலாறு என்று சொன்னால் மட்டும் தவறு. மனிதன், மரம் இரண்டையும் சேர்த்து யாரும் இந்த எழுத்தை உருவாக்கவில்லை. வேறோர் எழுத்தில் ஒரு கோடு உதிர்ந்தபோது எஞ்சிய வடிவம் தற்செயலாக அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான்.

சீன எழுத்துகள் எல்லாமே படங்கள் என்ற எண்ணத்திலிருந்து வரும் மயக்கம் இது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரு பொருள் உறுப்பும் ஓர் ஒலி உறுப்பும் சேர்ந்தவை. சாவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே.

அப்படியானால் உண்மையான மூலம் எது?

தூ. அதன் தலையிலும் அதே புல், பொருளுக்காக. அதன்கீழ் 'யூ' என்ற எழுத்து ஒலிக்காக நிற்கிறது. யூவுக்குத் தனியே வந்தால் 'நான்', 'எஞ்சியது' என்று பொருள், ஆனால் இங்கே அந்தப் பொருள்களுக்கு வேலை இல்லை. அந்த யூவில் ஒரு கிடைக்கோட்டை நீக்கினால் கிடைப்பதுதான் சாவின் கீழ்ப்பாதி.

தூ முதலில் குறித்தது ஒரு கசப்புக் கீரையை. சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பான ஷிஜிங்கில், கணவன் கைவிட்ட பெண் ஒருத்தி 'தூ கசக்கும் என்றவர் யார்? அது ஜி கீரை போல இனிக்கிறதே' என்கிறாள். தன் வாழ்வின் கசப்புக்கு முன் அந்தக் கீரை எம்மாத்திரம் என்பது அவள் சொல்ல வருவது. அதே தொகுப்பின் வேறொரு பாடலில் தூ என்பது நாணல் வகைப் புல்லின் வெண்பூ. ஆக தொடக்கத்திலேயே ஓர் எழுத்து, பல செடிகள்.

கீரையின் பெயர் தேயிலைக்கு எப்படிப் போனது?

கசப்பு வழியாக. தென்மேற்குச் சீனாவிலிருந்து பழக்கத்துக்கு வந்த ஒரு மரத்தின் கசந்த இலைக்கு, ஏற்கெனவே கையில் இருந்த கசப்புச் செடியின் பெயரை வைத்துவிட்டார்கள். அர்யா என்ற பழைய சொற்பொருள் நூல் 'ஜியா' என்ற மரத்தைக் 'கசப்புத் தூ' என்று விளக்குகிறது. அதற்கு உரை எழுதிய குவோ பூ (276–324) அந்த மரம் சிறியது, குளிர்காலத்திலும் இலை உண்டு, இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்கிறார். முன்னால் பறித்தது தூ, பின்னால் பறித்தது மிங் என்றும் பிரிக்கிறார். இது தேயிலையேதான்.

அதற்கும் முந்திய சான்று கி.மு. 59இல் சிச்சுவானில் வாங் பாவ் எழுதிய அடிமை ஒப்பந்தம். வேடிக்கையாக எழுதப்பட்ட அதில், அடிமை செய்யவேண்டிய வேலைகளாகத் தூவைக் கொதிக்கவைப்பதும் ஊயாங் என்ற ஊருக்குப் போய்த் தூ வாங்கி வருவதும் வருகின்றன. முதல் இடம் கீரையா தேயிலையா என்று வாதம் உண்டு. இரண்டாவது இடத்தில் தேயிலை என்பதே பொருந்தும். கொல்லையில் முளைக்கும் கீரைக்காக யாரும் ஆளை அனுப்பி ஊர் விட்டு ஊர் வாங்கிவரச் சொல்லமாட்டார்கள்.

பொருள் எழுத்தைவிட மிக மூத்தது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். கி.மு. 141இல் இறந்த ஜிங் பேரரசரின் சமாதி வளாகத்தில் (இன்றைய ஷியான் அருகே) கிடைத்த மக்கிய இலைகளில் தேயிலையில் காணப்படும் காஃபின், தியானின் என்ற வேதிப்பொருள்கள் இருப்பதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. தேயிலை அரண்மனைக்குள் போய்ச் சேர்ந்து ஏறக்குறைய 900 ஆண்டுகள் கழித்துத்தான் அதற்கென்று தனி எழுத்து நிலைத்தது.

ஒரு கோட்டைக் குறைத்தவர் லூ யூ என்று படித்தேன். சரிதானா?

அவர் கண்டுபிடித்தார் என்பது சரியல்ல, அவர் நூலால் புது வடிவம் பரவியது என்றால் ஏற்கலாம். எட்டாம் நூற்றாண்டில் 'சா ஜிங்' என்ற தேயிலை நூலை எழுதிய லூ யூ, அதன் முதல் பகுதியிலேயே எழுத்து விவகாரத்தைப் பேசிவிடுகிறார். சிலர் புல் தலையோடு எழுதுகிறார்கள், சிலர் மரப் பக்கத்தோடு, சிலர் இரண்டும் சேர்த்து என்கிறார். புல்லோடு எழுதும் சாவுக்கு மேற்கோளாக, தாங் அரச மரபின் (618–907) பேரரசர் ஷுவான்சோங் காலத்தில் 735இல் வந்த ஓர் அகராதி காட்டப்படுகிறது. அதாவது அவர் எழுதுவதற்கு முன்பே எழுத்து இருந்தது. தேயிலைக்கு வழங்கும் ஐந்து பெயர்களை அடுக்கும்போது சாவை முதலில் வைக்கிறார். மற்ற நான்கும் ஜியா, ஷே, மிங், ச்சுவான். இவற்றில் மிங் மட்டும் இன்றும் கொஞ்சம் இலக்கிய வாடையோடு உயிர் வாழ்கிறது.

இதே காலத்தில் தேயிலை பெரும் சரக்காகிவிட்டது. 793இலிருந்து அரசு தேயிலைக்குப் பத்தில் ஒரு பங்கு வரி போட்டது. வரிக் கணக்கில் ஏறும் சரக்குக்குக் கீரையோடு பங்கு போடாத பெயர் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

அப்படியானால் மாற்றம் நடந்த ஆண்டு 735 என்று எழுதலாமா?

வேண்டாம். அகராதி ஏற்றது வேறு, மக்கள் கை பழகியது வேறு. 17ஆம் நூற்றாண்டு அறிஞர் கூ யென்வூ (1613–1682) 'தாய் ஷான்' என்ற மலையில் தாங் காலக் கல்வெட்டுகளை நேரில் படித்துப் பார்த்தார். 779லும் 798லும் வெட்டியவற்றில் கோடு குறையாத தூதான் இருந்தது. 841இல் லியூ கொங்சுவான் எழுதிய ஷுவான்மி கோபுரக் கல்வெட்டிலும் 855இல் பெய் ஷியூ எழுதிய குய்ஃபெங் துறவியின் கல்வெட்டிலும் கோடு போய்விட்டது. ஆகவே தாங் ஆட்சியின் நடுப்பகுதிக்குப் பிறகே மாற்றம் நிலைத்தது என்று முடிவு கட்டினார். ஒரு நூற்றாண்டு இரண்டு வடிவமும் அருகருகே ஓடியிருக்கின்றன. ஒற்றை ஆண்டு கேட்டால் தர முடியாது.

1990இல் கிடைத்த ஜாடியில் இந்த எழுத்து இருக்கிறதாமே? அது இதைவிட 500 ஆண்டு பழையதாயிற்றே?

ஜெஜியாங் மாகாணத்து ஹூஜோவில் ஒரு கல்லறையில் கிடைத்த பச்சை மெருகுப் பீங்கான் ஜாடி அது. கிழக்கு ஹான் ஆட்சியின் இறுதியை (கி.பி. 220) ஒட்டிய காலம். தோள்பட்டையில் ஒற்றை எழுத்து கீறியிருக்கிறது, அதைச் சா என்று படிக்கிறார்கள்.

ஈர மண்ணில் குச்சியால் கீறும் குயவர் ஒரு கோட்டை விடுவது எந்தக் காலத்திலும் நடக்கக்கூடியது. ஒரு வடிவம் எங்கோ ஒரு முறை தோன்றுவதும், 'இது வேறு எழுத்து, இதற்கு வேறு பொருள்' என்று எல்லாரும் ஏற்பதும் ஒன்றல்ல. ஜாடி முதல் வகைக்குச் சான்று. மேலே சொன்ன தாங் காலக் கணக்கு இரண்டாவது வகையைப் பற்றியது. இரண்டும் மோதவில்லை.

கீரையையும் தேயிலையையும் பிரித்துக் காட்டத்தானே கோட்டை எடுத்தார்கள்?

எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், ஆனால் கூ யென்வூ காட்டும் சான்று இதற்குக் கொஞ்சம் இடிக்கிறது. 841, 855 கல்வெட்டுகளில் கோடு குறைந்திருக்கும் இடம் தேயிலையைப் பற்றியதே அல்ல. இரண்டும் பௌத்தத் துறவிகளின் நினைவுக் கல்வெட்டுகள். அங்கே வருவது 'தூபி' என்ற சொல், பொருள் உடலை எரியூட்டுவது. பாலி மொழியில் எரிப்பதைக் குறிக்கும் 'ஜாபேதி' என்ற வினையின் குடும்பத்திலிருந்து ஒலிபெயர்த்த சொல் அது. 855 கல்வெட்டு நிற்கும் சாவ்தாங் கோயில் குமாரஜீவர் இருந்து வடமொழி நூல்களைச் சீனத்துக்குப் பெயர்த்த இடம் என்பது கூடுதல் செய்தி.

ஆக அக்கால எழுத்தர்கள் பொருள் பார்த்துக் கோட்டை எடுக்கவில்லை. அந்த எழுத்தை எங்கே எழுதினாலும் ஒரு கோட்டை விட்டு எழுதும் வழக்கம் பரவியிருந்தது. கோடு இல்லாதது தேயிலைக்கு, கோடு உள்ளது மற்றவற்றுக்கு என்ற பங்கீடு பின்னால் அமைந்தது. இன்று தூபிக்கு மறுபடி கோடுள்ள எழுத்தையே போடுகிறார்கள்.

யூ, தூ, சா மூன்றுக்கும் ஒலியில் என்ன உறவு? ஒன்றோடொன்று ஒட்டவே இல்லையே.

இன்றைய மாண்டரினில் ஒட்டாதுதான். ஆனால் யூவை ஒலி உறுப்பாகக் கொண்ட எழுத்துகளை வரிசையாகப் பாருங்கள்: வழி என்ற பொருளில் 'தூ', நீக்கு என்ற பொருளில் 'சூ', மெதுவாக என்ற பொருளில் 'ஷூ'. எல்லாம் ஒரே வேரில் கிளைத்து ஈராயிரம் ஆண்டுகளில் திசைக்கொன்றாகப் போனவை. தூ எழுத்துக்கே இரண்டு ஒலிப்பு முன்பே வந்துவிட்டது. ஹூனானில் இன்று சாலிங் எனப்படும் ஊரின் பெயர் ஹான் கால நூலில் தூ எழுத்தால் எழுதப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு உரையாசிரியர் யென் ஷிகூ அந்தப் பெயருக்குச் சாவின் முன்னோடி ஒலியையும் காட்டுகிறார். ஒலி முதலில் பிரிந்தது, கோடு பின்னால் உதிர்ந்தது.

தாங் காலத்தில் அந்தப் புது ஒலி 'ச' அல்ல. நாக்கை மடித்துச் சொல்லும் நம் 'ட' போன்றது, ஏறக்குறைய 'ட்ரா'. இதற்குச் சான்று இந்தியச் சொற்களிலேயே இருக்கிறது. மண்டலம் (மண்டல), டாகினி ஆகியவற்றைச் சீனத்தில் ஒலிபெயர்த்தபோது 'ட' வரும் இடத்தில் போட்டது இந்தத் தூ எழுத்தைத்தான். ஐரோப்பிய மாணவர்களுக்கு இந்த ஒலியை விளக்க ஆசிரியர் பாடுபடவேண்டும். 'மண்டபம்' என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு அந்தச் சிரமம் இல்லை. வடசீனப் பேச்சில் இந்த 'ட' மெல்ல மெல்லச் 'ச்ச' ஆனது.

உலகம் முழுக்கத் தேநீருக்கு 'தே', 'சா' என்று இரண்டே பெயர் இருப்பது ஏன்?

எழுத்து ஒன்று, வட்டார ஒலிப்பு இரண்டு. ஃபுஜியன் மாகாணக் கரையோரத்தில் பேசும், 'மின்' எனப்படும் சீன வட்டார மொழிகள் மேலே சொன்ன நாமடி மாற்றத்தில் கலந்துகொள்ளவில்லை. அங்கே பழைய பல்லொலி 'த' அப்படியே தங்கி, அவற்றில் ஒன்றான ஹொக்கியனில் 'தே' ஆனது. மற்ற பெரும்பாலான இடங்களில் சா.

யார் எந்தத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் பயணமானது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் ஹொக்கியன் வணிகர்களிடம் வாங்கி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது 'தே'. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் அந்த வழி. ஆங்கிலத்திலும் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் 'டே' என்றே சொன்னார்கள், 'டீ' ஆனது பிறகு. மக்காவில் காண்டனீஸ் கேட்ட போர்ச்சுகீசியர்கள் மட்டும் சா என்கிறார்கள். தரை வழியாகப் போன சா பாரசீகத்தில் 'சாய்' ஆகி, அந்தக் கடைசி 'ய்'யோடு இந்தி, துருக்கி, ரஷ்ய மொழிகளுக்குப் போனது. கடல்வழி என்றால் தே, தரைவழி என்றால் சா என்று சுருக்கிச் சொல்வது பெரும்பாலும் பொருந்தும். போர்ச்சுகலும் ஜப்பானும் அந்த வாய்பாட்டுக்குள் அடங்காது.

தமிழில் தேயிலை, தேத்தண்ணி, டீ, சாயா எல்லாம் இருக்கே? எது எந்தக் கிளை?

தேயிலை, தேநீர், இலங்கைத் தமிழரின் தேத்தண்ணி மூன்றும் தே கிளை. ஹொக்கியன் ஒலிக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழே பக்கத்தில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். டீ, ஆங்கிலம் சுற்றி வந்த அதே தே. குமரிப் பக்கமும் மலையாளத்திலும் வழங்கும் சாயா, பாரசீகச் சாயின் வழி. ஆக ஒரே சீன எழுத்தின் இரண்டு ஒலிப்பும் தமிழ்நாட்டில் ஒரே கடையில் கேட்கலாம்.

சிங்கப்பூர், மலேசியக் கடைகளில் 'தே ஓ' என்று கேட்டால் பால் இல்லாத தேநீர் வரும். அந்த 'ஓ' ஹொக்கியனில் கறுப்பு. 'தே தாரேக்', 'தே கோசோங்' ஆகியவற்றில் தாரேக் (இழு, ஆற்று), கோசோங் (வெறும், சர்க்கரை இல்லாத) இரண்டும் மலாய்.

அப்ப டீப்பாயும் இதிலிருந்துதானா?

இல்லை. இந்தியின் 'திபாய்', அதாவது முக்காலி. ஆங்கிலேயர்கள் அதன் எழுத்துக்கூட்டலைத் தேநீர்ச் சொல் போல மாற்றிவிட்டார்கள். சீனத்தில் டீப்பாய்க்கு 'சா ஜி' என்று பெயர், அதில் உள்ளது உண்மையான சா. இரண்டுக்கும் தொடர்பில்லை.

தேயிலை தவிர வேறு பொருள் உண்டா?

நிறைய. இலை, மரம், பானம் மூன்றும் அடிப்படை. அடுத்து, கொதிநீரில் ஊறவைத்துக் குடிக்கும் எதுவும் சாதான்: சாமந்திப் பூ சா, கன்டோன் பகுதியின் மூலிகைக் கஷாயமான 'லியாங் சா', ஜப்பானின் வாற்கோதுமைச் சா. இவற்றில் ஒரு தேயிலைத் துணுக்குகூட இருக்காது. மூன்றாவது, நிறம். சீனத்தில் 'சா நிறக் கண்ணாடி' என்றால் பழுப்புக் கண்ணாடி.

நான்காவது, கமெலியா இனத்துச் செடிகள். தோட்டத்தில் வளர்க்கும் கமெலியாப் பூவுக்கு 'மலைச் சா' என்று பெயர். தாவரவியலும் இதை ஒத்துக்கொள்கிறது, தேயிலையின் அறிவியல் பெயரே கமெலியா சினென்சிஸ். அந்த இனத்தின் வேறொரு செடியின் விதையை ஆட்டி எடுப்பது 'சா எண்ணெய்', சமையலுக்கு ஆகும். மருந்துக்கடையில் விற்கும் டீ ட்ரீ ஆயில் ஆஸ்திரேலியாவின் மெலலூகா மரத்திலிருந்து வருவது, வாயில் வைக்கக்கூடாது. பெயர் பார்த்து ஏமாறாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். யூவை ஒலி உறுப்பாகக் கொண்டு பிறந்த சா இப்போது தானே ஒலி உறுப்பாகிவிட்டது. இடப்பக்கம் 'கை' சேர்த்தால் எண்ணெய், பவுடர் 'பூசு' என்ற வினை. ஒலி அதே சா.

சீனாவில் பிளாக் டீ கேட்டேன், ஏதோ மண்வாசனை அடிக்கும் கஷாயம் கொடுத்தார்கள். ஏன்?

'ஹெய் சா' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சொல்லுக்குச் சொல் கறுப்புத் தேநீர்தான், ஆனால் சீனத்தில் அது நொதிக்கவைத்துப் பழுக்கவிட்ட வகை. பூஅர் என்ற தேயிலையின் பழுக்கவைத்த வகை அதில் சேரும். நாம் வழக்கமாகக் குடிப்பது அங்கே 'ஹொங் சா', சிவப்புத் தேநீர். அவர்கள் வடித்த நீரின் நிறத்தைப் பார்த்தார்கள், ஆங்கிலம் காய்ந்த இலையின் நிறத்தைப் பார்த்தது. ஜப்பானிலும் 'கோச்சா' என்றால் சிவப்பு. பால் சேர்த்தது வேண்டுமானால் 'நாய் சா' என்று கேளுங்கள். தமிழ்க் காதுக்கு விபரீதமாகப் படும், பொருள் பால் தேநீர்தான்.

மரபுத்தொடர்களில் எப்படி வரும்?

வீட்டுக்கு அன்றாடம் தேவையான ஏழு பொருள் என்று ஒரு தொடர்: விறகு, அரிசி, எண்ணெய், உப்பு, சோயாச் சாறு, வினிகர், தேயிலை. நம் 'உப்பு புளி மிளகாய்' போல. 'மட்டமான தேநீர், சப்பென்ற சோறு' என்றால் எளிய சாப்பாடு. 'ஆள் போனதும் தேநீர் ஆறியது' என்பதைப் பதவி இழந்தவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்காதபோது சொல்வார்கள்.

இரண்டில் கவனம் வேண்டும். 'தேநீர் குடிக்க வரச் சொன்னார்கள்' என்பதற்கு, சூழலைப் பொறுத்து, அதிகாரிகள் விசாரணைக்கு அழைத்தார்கள் என்று பொருள். ஒரு பெண்ணைப் 'பச்சைத் தேநீர்' என்று சொன்னால் பாராட்டு அல்ல, அப்பாவி வேடம் போடுகிறவள் என்ற வசை.

சீனக் கல்யாணத்தில் சாவுக்கு என்ன வேலை?

மணமக்கள் பெரியவர்களுக்கு மண்டியிட்டுத் தேநீர் தருவது இன்றும் பரவலாக உண்டு. பழைய வழக்கில் நிச்சயச் சீரின் பெயரே 'சா லி', தேயிலைச் சீர். அதைப் பெண்வீடு ஏற்றுக்கொண்டால் பேச்சு முடிந்தது. மிங் அரச மரபுக் காலத்து (1368–1644) எழுத்தாளர்கள் சொல்லும் காரணம்: தேயிலைச் செடியைப் பிடுங்கி நட்டால் பிழைக்காது, விதைபோட்டுத்தான் வளர்க்கவேண்டும், ஆகவே மனம் மாறாமைக்கு அடையாளம். தோட்டக் கணக்கில் இது சரியில்லை, தேயிலையை நாற்றாக வளர்த்துப் பிடுங்கித்தான் இன்று நடுகிறார்கள்.

ஜப்பானிலும் கொரியாவிலும் இதே பொருள்தானா?

எழுத்தும் அடிப்படைப் பொருளும் அதே, வழக்கு வேறு. ஜப்பானில் 'சா', 'ஸ' என்று இரண்டு ஒலிப்பு. அங்கே சொல்லுக்கு முன் 'ஓ' என்ற மரியாதை ஒட்டு சேர்த்தால் பெரும்பாலும் பச்சைத் தேநீரைக் குறிக்கும். குடிப்பது பச்சையாக இருந்தும் 'சா நிறம்' என்றால் பழுப்பு, ஏனென்றால் தேயிலையைக் காய்ச்சித் துணிக்கு ஏற்றிய சாயம் பழுப்பு. 'தேநீரைக் கலக்கிவிடு' என்றால் மழுப்பு. தாறுமாறு என்று பொருள்படும் 'முச்சா குச்சா'வில் இந்த எழுத்து இரண்டு முறை வந்தாலும் தேயிலைக்கு அங்கே வேலை இல்லை, ஒலிக்காகக் கடன் வாங்கியது.

கொரியாவில் 'சா', 'தா' இரண்டும் உண்டு. அறுவடைத் திருநாளில் முன்னோருக்குச் செய்யும் 'சாரே' சடங்கின் பெயரில் தேநீர் இருக்கிறது, படைப்பது பெரும்பாலும் அரிசி மது. 'தாபாங்' என்றால் தேநீர் அறை, அங்கே விற்றது பெரும்பாலும் காப்பி.

108 வயதுக்கும் இந்த எழுத்துக்கும் என்ன தொடர்பு?

எழுத்தைப் பிரித்துக் கூட்டும் விளையாட்டு. புல் தலையில் இரண்டு சிலுவை, ஒவ்வொன்றும் சீன எண் 10, ஆக 20. கூரை எண் 8 போலத் தெரியும். அடியில் உள்ள சிலுவை மறுபடி 10, அதன் பக்கக் கீற்றுகள் 8. மேலிருந்து கீழாக 'எட்டு, பத்து, எட்டு' என்று படித்தால் 88. இருபதும் எண்பத்தெட்டும் சேர்ந்து 108. ஜப்பானில் 108ஆம் வயதைச் 'சாஜு' என்கிறார்கள். இதே முறையில் 'அரிசி' எழுத்து 88 தரும், அந்த வயது 'பெய்ஜு'. எழுத்தின் பிறப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை, 'நடுவில் மனிதன்' விளக்கத்தைப் போலப் பின்னால் கண்டதுதான்.

தூ எழுத்து இன்று எங்காவது வருகிறதா, இல்லை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டதா?

வருகிறது, அதனால்தான் குழப்பமும் வருகிறது. ஓகோவென்று மும்முரமாக நடக்கும் வேலையைத் 'தீ போல, தூ போல' என்பார்கள். இங்கே தூ, மேலே சொன்ன நாணலின் வெண்பூ. செவ்வுடைப் படையும் வெள்ளுடைப் படையும் அணிவகுத்து நின்ற பழங்கதையிலிருந்து வந்த உவமை. சீனர்களே இதைத் 'தீ போல, தேநீர் போல' என்று தவறாக எழுதி ஆசிரியர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது உண்டு. கொடுமை செய் என்று பொருள்படும் 'தூதூ'வில் முதல் தூ கசப்புக் கீரை, இரண்டாவது நஞ்சு. எரியூட்டும் தூபி, மண்டலம், டாகினி ஆகியவற்றை முன்பே பார்த்தோம். வாசற்காவல் தெய்வம் ஒருவரின் பெயரில் மட்டும் இதை 'ஷூ' என்று படிக்கவேண்டும்.

எங்கள் கடைப் பலகையில் இந்த எழுத்தைப் போடப் போகிறோம். எதைச் சரிபார்க்கணும்?

முதலில் கோடுகளை எண்ணுங்கள். கூரைக்குக் கீழே ஒரே ஒரு கிடைக்கோடுதான் இருக்கவேண்டும். இரண்டு இருந்தால் கசப்பையும் பிணம் எரிப்பதையும் நினைவூட்டும் எழுத்து உங்கள் கடைக்கு மேலே தொங்கும். அச்சகத்துக்குப் படமாக அனுப்பாமல் 33590 என்ற எண்ணோடு உரையாகவோ வெக்டராகவோ அனுப்பினால் இந்தத் தவறு வராது.

அடுத்தது திசை. சா ஏறக்குறைய இரு பக்கமும் ஒத்த வடிவம் என்பதால், கண்ணாடிக் கதவில் ஒட்டும் ஸ்டிக்கரை உள்புறமாகத் திருப்பி ஒட்டினாலும் சட்டென்று தெரியாது. கூரையின் வலது சரிவைப் பாருங்கள், தூரிகை எழுத்துருவில் அதன் நுனிதான் தடித்து முடியும். தடித்த நுனி இடப்பக்கம் இருந்தால் எழுத்து திரும்பியிருக்கிறது.

மொழிபெயர்ப்புக் கருவியில் 'டீ' என்று மட்டும் தட்டி எடுக்காதீர்கள். அது ஆங்கில எழுத்து 'டி' என்று எண்ணிக்கொள்ளலாம். 'தேநீர்' என்று தட்டுங்கள். டீக்கடைக்கு ஒற்றைச் சா போதும். பால் தேநீரும் சாக்கலேட் பானமும் விற்கும் நவீனக் கடை என்று காட்டவேண்டுமானால் முன்னால் 'பால்' எழுத்தையும் சேர்த்து நாய் சா என்று போடுங்கள். சீன வாடிக்கையாளருக்கு அந்த வேறுபாடு தூரத்திலிருந்தே தெரியும்.